சின்னப் பெட்டியின் பெரிய இரைச்சல்

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. அங்கு தாங்களும், தங்கள் மனைவியும், வாய் ஓயாத தங்கள் வாண்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த வாய் ஓயாமை எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தங்களுக்குத் தெரியாது. சத்தம் போட்டு வாழ முடிகிற வீடு சொர்க்கம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் யோசிப்பீர்கள். தங்கள் அக்கா குரல் பதிவு செய்யும் நேரத்தில் இந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது. பதிவு இல்லாத நேரத்தில் அவள் என் பக்கத்திலேயே இருக்கிறாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குப் பயமாக இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது? அவளைப் பொறுத்தவரை இந்த வீட்டின் தைரியசாலி நான். அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஆகவே சமையலறையில், காய் நறுக்கும் பலகை மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பாதி பலகையின் கோணல், மீதிதான் என் கோணல்.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் இந்த வினையைத் தொடங்கி வைத்தது தாங்கள். என் தொழில் தங்களுக்குத் தெரியும். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோல நகரும் படமாகச் செய்து காட்டுவேன். வாசலில் நுழைந்து, படியேறி, ஜன்னல் வழியாக வெயில் விழும் படுக்கையறை வரை போய், வாங்கப் போகிறவரை மயக்க வேண்டும். அதற்கு வேகமான கம்ப்யூட்டர் வேண்டும். வேகமான கம்ப்யூட்டர் என்றால் ஃபிரிட்ஜ் மாதிரி நிற்கும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கே இடம் போதாமல் அதன் கதவு பாதிதான் திறக்கிறது. அப்போதுதான் தாங்கள் வந்து, "இப்பல்லாம் ஷூ பெட்டி சைஸ்லயே வருது அத்தான், வேகம் அதே வேகம்தான்" என்றீர்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நானும் மகிழ்ந்து தலையாட்டினேன். தாங்களே உட்கார்ந்து பாகம் பாகமாகப் பூட்டி, மேசை மேல் வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள். கடுகின் காரம் தெரிய ஆரம்பித்தது அப்புறம்தான். அந்தப் பெட்டிக்குள் அடைபட்ட சூடு வெளியே போக வழியில்லாமல் தவிக்க, ஒரு சின்ன விசிறி தலைதெறிக்கச் சுற்றுகிறது. போதாக்குறைக்கு, உள்ளே எவ்வளவு சூடு என்று எண்ணாகக் காட்டும் ஒரு குட்டித் திரை பெட்டியின் முகப்பில். அறுபது, எழுபது, எண்பது. அந்தத் திரையைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும். அது மட்டும் இல்லாதிருந்தால் பெட்டி சூடாகிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது, நானும் மற்ற மனிதர்களைப் போல நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மன்னிக்கவும், தாங்கள் தாங்கள் என்று எழுத எழுத எனக்கு மூச்சு வாங்குகிறது. கோபத்தில் இருக்கிறவனுக்கு அவ்வளவு மரியாதை தாங்காது. இனிமேல் நீ.

உன் அக்காவின் தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப முடியாமல் போனது உனக்குத் தெரியும். பல மாதம் அவளுக்குக் குரலே இல்லை. சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். நானும் பதிலைச் சிலேட்டிலேயே எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன், "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்க வாயால பேசலாம்" என்று அவள் எழுதிக் காட்டும்வரை. அப்புறம் குரல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பழைய குரல் இல்லை. கொஞ்சம் கனத்து, அடியிலிருந்து எழுகிற குரல். ஒரு வகுப்புப் பிள்ளைகளை அதட்ட அது போதாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் எழுந்து போக மனசு வராது. அந்தக் குரலுக்கென்றே ஒரு வேலை வந்தது. கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பள்ளிப் பாடங்களைக் குரலில் பதிந்து தரும் நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தே வாசிக்க ஆள் தேடியது. அதட்டாமல் பாடம் நடத்துகிற வேலை என்று உன் அக்கா சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. மூன்று மாதிரிப் பதிவு அனுப்ப வேண்டும், ஒன்றாவது தேற வேண்டும் என்பது நிபந்தனை. ஒலியைச் சோதிக்கும் அம்மாளை நாங்கள் பார்த்ததில்லை. அவர் மின்னஞ்சலில் ஒரு வரி, மிஞ்சிப் போனால் மூன்று வரிதான் எழுதுவார். எதுவும் அவர் காதுக்குத் தப்பாது என்பதால் நாங்கள் அவரைக் காதம்மா என்கிறோம். முதல் மாதிரிக்குக் காதம்மா எழுதியது இது: குரல் மிக நன்று. பின்னணியில் தொடர் இரைச்சல். ஏற்க இயலாது. உன் அக்கா அதை வாசித்துவிட்டு எதுவும் பேசாமல் துணி மடிக்கப் போய்விட்டாள். சிலேட்டுக் காலத்துக்குப் பிறகு அவள் பேசாமல் இருந்தால் ஏதாவது சாக்கு வைத்து அவளைப் பேச வைத்துப் பார்ப்பேன்.

எங்கள் வீட்டில் பதிவு நடக்கும் முறையைச் சொன்னால்தான் மீதி புரியும். படுக்கையறைத் துணி அலமாரிதான் அவளுடைய ஸ்டூடியோ. கீழ்த்தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு முக்காலி போட்டு, தொங்குகிற என் சட்டைகளுக்கும் அவள் புடவைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள். துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். மைக்கின் வயர் அலமாரிக் கதவின் இடுக்கு வழியாக வெளியே வந்து, பக்கத்து மேசையில் இருக்கும் உன் பெட்டியில் சேர்கிறது. பதிவு அந்தப் பெட்டியில்தான் நடக்கிறது, ஆகையால் அதை அணைக்கவும் முடியாது. அதே நேரம் என்னுடைய கட்டடப் படமும் அதற்குள்ளேதான் வெந்துகொண்டிருக்கும். நான் அலமாரிக்கும் பெட்டிக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகப்பில் இருக்கும் எண்ணைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். எண் தொண்ணூறைத் தொட்டால் கதவைத் தட்டி அவளை வெளியே இழுத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். துணிகளுக்கு நடுவே அவள், துணிக்குப் பக்கத்தில் நெருப்பாய் ஒரு பெட்டி. இதை நினைத்தால் உனக்கே வியர்க்கவில்லையா?

நான் சத்தம் போடுகிறவன் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், உன் சந்தேகம் என் மேல் திரும்பக்கூடாது. காவல் உட்கார்ந்தால் இருமல் வந்தால்கூட விழுங்கிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே நான் அமைதியானவன். அவளுடைய ஆபரேஷன் அன்றைக்குத் தியேட்டர் வாசல் பெஞ்சில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி இருந்தும் ஒரு நர்ஸ் வெளியே வந்து, "சார், கொஞ்சம் அமைதியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாயே திறக்காத மனிதனிடம் சொல்கிற பேச்சா இது? பெரிய ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான், யார் மேலோ இருக்கிற எரிச்சலை யார் மேலோ காட்டுவார்கள். அதை நான் அன்றே மன்னித்துவிட்டேன்.

சரி, இரைச்சல் கதைக்கு வருகிறேன். முதல் மாதிரி திரும்பி வந்ததும், குற்றவாளி அந்தச் சின்ன விசிறிதான் என்று முடிவு செய்து கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு திருகாணியைத் தேடுகிற மனிதர், ஆனால் பொறுமைசாலி. பெட்டிக்குள் பூட்டிச் சூட்டைத் தணிக்கும், கோபுரம் மாதிரி உயர்ந்த கூலர் ஒன்றைக் காட்டி, "இது போட்டா சத்தமே வராது சார், உங்க பெட்டி உயரம் எவ்வளவு?" என்றார். தையல்காரர் டேப்பால் வீட்டில் அளந்து போயிருந்தேன், சொன்னேன். அளந்தது பெட்டியின் வெளி உயரத்தை. உள்ளே கூலர் உட்காருகிற இடத்திலிருந்து மூடி வரைக்கும்தான் அளக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வீட்டில் கொண்டு வந்து பூட்டினால் கோபுரம் வெளியே தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது, மூடி மூட மறுக்கிறது. இஸ்திரிப் பெட்டியை மூடி மேல் வைத்தால் மெல்ல அமுங்கிவிடும் என்று நினைத்தேன். உள்ளே "டக்" என்று ஏதோ ஒடிந்தது. நான் உடனே இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டு, அந்தப் பக்கமே போகாதவன் மாதிரி பால்கனியில் போய் நின்றுகொண்டேன்.

ஒடிந்தது கூலரின் காலாம், நல்ல வேளை. அடுத்தது தண்ணீரால் குளிர்விக்கும் வகை. தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒன்றாகப் பெட்டிக்குள் விடுகிற அந்த யோசனையைக் கேட்டதுமே நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் சிரித்து, குழாய் எல்லாம் மூடியே வரும், சொட்டு கசியாது என்றார். கசியாது என்று சொல்லிக் கசிந்த குழாயைத்தான் நான் வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் உன் அக்காவுக்காக ஒப்புக்கொண்டேன். பூட்டியதும் பெட்டி வயிற்றுக் கோளாறு கண்டவர் மாதிரி களக் களக் என்றது. குழாயில் காற்றுக் குமிழி, பெட்டியைச் சாய்த்து வைத்தால் சரியாகிவிடும் என்று கடையிலிருந்து போனில் சொன்னார்கள். சாய்த்து வைத்தேன். களக் களக் போய்விட்டது. நான் துண்டும் கையுமாகப் பெட்டியின் அடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு காவல் இருந்தேன். உன் அக்கா வீட்டுச் சோதனைக்கு ஒரு பக்கம் வாசித்தாள். போட்டுக் கேட்டால், களக் களக் இல்லை, ஆனால் அந்தப் பழைய இரைச்சல் அப்படியே இருக்கிறது. ம்ம்ம் என்று, அடியில், விடாமல்.

அப்போதுதான் உன் அக்கா ஒன்று சொன்னாள். "ஆரம்பத்துல இல்ல. பாடம் போகப் போகத்தான் ஏறுது. ஹெட்போன்ல நல்லாக் கேக்குது. நான் கதவைத் திறந்தா நின்னுடுது." எனக்குப் பகீர் என்றது. ஏனென்றால் அவள் சொன்ன கணக்கு அந்த எண்ணோடு அப்படியே பொருந்தியது. எழுபதில் இரைச்சல் இல்லை, எண்பதில் லேசாக, எண்பத்தைந்தில் பலமாக. சூடு ஏற ஏற இரைச்சல் ஏறுகிறது, இது விஞ்ஞானம். ஆனால் கதவைத் திறந்தால் நிற்கிறதே, அது என்ன விஞ்ஞானம்? நாம் கவனிக்கிறோம் என்று அந்தப் பெட்டிக்குத் தெரிகிறதா? நானே பலமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைப் பெட்டி மேல் வைத்துக் கேட்டிருக்கிறேன். அப்போது ஒரு சத்தமும் இருக்காது. விசிறியின் மெல்லிய காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தால், பதிவில் இரைச்சல் வந்து விழுகிறது. திருட்டுப் பூனை மாதிரி இருக்கிறது அதன் நடத்தை.

விசிறி இருந்தால்தானே சத்தம், விசிறியே இல்லாத வகை ஒன்று இருக்கிறதாமே என்று நானாகவே ஒரு யோசனையைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் நின்றேன். பெட்டியே அலுமினியத் தகடு தகடாக இருக்கும், சூடு தானாக வெளியே போய்விடும். உங்கள் வேலைக்கு அது தாங்காது சார் என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டேன். அன்றைக்கு எண் தொண்ணூறுக்கு மேலே போய் அங்கேயே நின்றது. பெட்டி சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, என் கட்டடத்தில் ஒரு படிக்கட்டை வரைய ஒரு பொழுது எடுத்தது. பாடம் முடியும்வரை கதவைத் தட்டக்கூடாது என்று உன் அக்கா சொல்லிவிட்டதால், மேசைக்கு அடியில் ஒரு வாளி மணல், அலமாரிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் என்று வைத்துவிட்டுக் காவல் உட்கார்ந்தேன். படுக்கையறை பெட்ரோல் பங்க் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது கட்டட வேலை நடக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்குப் பதிவில் விழுந்த இரைச்சல் மாதிரி அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. விசிறியே இல்லாத பெட்டி, மைத்துனா. சுற்றுவதற்கு உள்ளே ஒன்றுமே கிடையாது. ஆனால் ஒரு முழுப் பாடம் நெடுக, ம்ம்ம் என்று ஏற்ற இறக்கத்தோடு, கிட்டத்தட்ட ராகம் மாதிரி. கேட்டுவிட்டு நான் உன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போனேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்கு. கடைக்காரர் சில நேரம் மின்சாரமே பாகங்களுக்குள் பாடும் சார், பார்த்துவிடலாம் என்று மேசை மேல் வைத்து ஓட்டினார். என்னை வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்தால், "ஒரு சத்தமும் இல்ல சார், குழந்தை மாதிரி தூங்குது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்டியின் வேகத்தை முழுசாக ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். எண் ஏறியது, எண்பது, எண்பத்தைந்து. நான் குனிந்து எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆமா, இப்பக் கேக்குது" என்றார் கடைக்காரர். பார்த்தீர்களா என்று நிமிர்ந்தேன். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா சார்?" என்றார். கம்ப்யூட்டர் கடையில் கேட்கிற கேள்வியா இது? அந்தப் பெட்டியில் ஏதோ கெட்டது இருக்கிறது, அதை என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கடைசியில் அவர் செய்து கொடுத்த ஏற்பாடு இது. சின்ன விசிறி வேகமாகச் சுற்றினால்தான் கத்தும், பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் அதே காற்று சத்தமில்லாமல் வரும் என்றார். ஆகவே உயரம் குறைந்து அகலம் கூடிய ஒரு கூலர், அதன் மேல் தட்டு மாதிரி பெரிய விசிறி, அதிர்வு பெட்டிக்குப் போகாமலிருக்க ரப்பர் திருகாணிகள், பக்கச் சுவருக்குப் பதில் கம்பி வலை. பெட்டி தின்னும் மின்சாரத்தையும் கொஞ்சம் குறைத்துவிட்டார், வேகம் குறைந்தது தெரியவே இல்லை. எண் எழுபத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை. உன் அக்கா கும்பிட்டுவிட்டு இரண்டாவது மாதிரியை வாசித்து அனுப்பினாள். காதம்மா பதில் எழுதினார்: குரல் முன்னிலும் நன்று. இரைச்சல் குறைந்துள்ளது, நீங்கவில்லை. ஏற்க இயலாது. இன்னும் ஒரு மாதிரிதான் மிச்சம். உன் அக்கா சண்டை போடவில்லை, அழவில்லை. இரைச்சல் எந்த இடத்தில், எப்படி வருகிறது என்று தயவுசெய்து விவரமாகச் சொல்ல முடியுமா என்று காதம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் மட்டும் எழுதினாள். அதற்கு இன்னும் பதில் இல்லை.

இனி நான் எழுதப் போவதை உட்கார்ந்துகொண்டு வாசி. நேற்று உன் அக்கா ஒரு சோதனை செய்தாள். பெட்டியை முழுசாக அணைத்து, வயரையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, அவள் போனை மட்டும் எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் போய் ஒரு பக்கம் வாசித்தாள். நான் வழக்கம்போல நடுவில் காவல். இந்தத் தடவையும் சத்தம் வந்தால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து, அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து போட்டுக் கேட்டாள். வந்திருக்கிறது. உயிரில்லாத பெட்டி, மின்சாரமில்லாத பெட்டி, ம்ம்ம் என்கிறது. உன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீ சிரிக்கலாம். ஆனால் இது பட்டப் பகலில், ஜன்னல் திறந்திருக்க, எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. நான் யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு விளக்கம்தான் தோன்றுகிறது. அணைத்த பிறகும் பெட்டிக்குள் சூடு தங்கியிருக்கிறது, அந்தச் சூட்டில் ஏதோ ஒன்று தானாக இரைகிறது. விஞ்ஞானப்படி இது சரியா என்று எனக்குத் தெரியாது. விஞ்ஞானம் படித்தவன் நீ, நீயே சொல்.

ஆகவே நீ செய்ய வேண்டியது என்னவென்றால், போன தடவை போனில் நீ சொன்ன அந்த உயர்ந்த வகைக் கூலர், உள்ளே ஆறு செம்புக் குழாய் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாயே, அதை எந்தக் கடையில் கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு உடனே புறப்பட்டு வா. உள்ளளவை இந்தத் தடவை சரியாக எடுத்திருக்கிறேன், தனித் தாளில் வைத்திருக்கிறேன். கடைசி மாதிரியை உன் அக்கா அனுப்புவதற்குள் வா. இதுவும் போனால் அவள் வேறு வேலை தேடிக்கொள்வாள், அது பெரிதில்லை. ஆனால் அவள் தன் குரலே பழுது என்று நினைத்துக்கொள்வாள். இரைச்சல் தன் தொண்டையிலிருந்துதான் வருகிறதோ என்று முந்தாநாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தரம் அந்தக் குரல் போய்த் திரும்பி வந்திருக்கிறது. இன்னொரு தரம் சிலேட்டை எடுக்க என் கையில் வலுவில்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

உன் இல்லத்தில் நோய் நொடி அண்டாமல், நல்ல சத்தங்கள் மட்டுமே பெருகி, வாண்டு பெரியவனாகி அவன் அத்தைக்குப் பாட்டுப் பாடிக் காட்டும் நாள் வர வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். உன் மனைவிக்கு என் அன்பு. நான் பயந்துபோயிருக்கிறேன் என்று அவளிடமும் சொல்ல வேண்டாம், பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
சமையலறையிலிருந்து,
உன் தைரியமான அத்தான்

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டப் போகும் நேரத்தில் காதம்மாவின் விவரமான பதில் வந்தது. விவரம் என்றால் அவருக்கு நான்கு வரி. அப்படியே எழுதுகிறேன்: இரைச்சல் இயந்திரத்துடையது அல்ல என்று கருதுகிறேன். பாடத்தில் கதாபாத்திரம் ஆற்றில் இறங்கும் இடத்தில் இரைச்சல் அதிகரிக்கிறது, கரையேறியதும் குறைகிறது. நடுவில் ஒரு முறை தும்மியது. தும்மிய பிறகு மெதுவாக மன்னிப்புக் கேட்டது.

கூலர் தும்மாது, எனக்கும் தெரியும். உன் அக்கா வாசித்துவிட்டு என்னை எதிரில் உட்கார வைத்தாள். பெட்டி அணைத்திருந்தது. "அடுத்த வாரம் தொண்டை டாக்டர் வரச் சொல்லியிருக்கார்" என்றாள். சரி போகலாம் என்றேன், வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. டாக்டர் என்ன சொல்லப் போகிறாரோ என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் விரலைத் தூக்கி, "இதோ" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் கையை எடுத்து என் தொண்டையிலேயே வைத்தாள். அதிர்ந்துகொண்டிருந்தது, மைத்துனா. மோட்டார் மாதிரி.

கடைசி மாதிரியை இன்று காலை வாசித்தாள். நான் தெரு முனைத் தையல் கடையில் உட்கார வைக்கப்பட்டிருந்தேன். மிஷின் ஓடுகிற சத்தத்தில் என் சத்தம் யாருக்கும் தொந்தரவாக இல்லை. மதியமே காதம்மாவின் பதில் வந்துவிட்டது: ஒலி சுத்தம். அடுத்த பாடத்தைத் தொடங்கவும். உன் அக்கா அதை என்னிடம் ஒரு தடவை, பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு தடவை, கண்ணாடி முன்னால் தனியாக ஒரு தடவை, சத்தமாக வாசித்தாள். மணலை வாளி வாளியாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, இவ்வளவு நாள் உன் வேலைக்கு உலை வைத்தது நான்தானே என்று அவளிடம் கேட்டேன். அவள் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஆபரேஷன் அன்னிக்கு என்னை உள்ள படுக்க வெச்சிருந்தாங்க. பயமா இருந்துச்சு. கதவுக்கு வெளிய இந்தச் சத்தம் ம்ம்ம்னு விடாம கேட்டுச்சு. ஏசி ஓடுதுன்னு நெனச்சேன். அதைக் கேட்டுக்கிட்டேதான் நிம்மதியா தூங்கிப்போனேன்."

ஆகவே கூலரை வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. என்னைத் திருப்பிக் கொடுக்க உன் அக்காவுக்கு மனசில்லையாம்.